பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற பட்டதாரிகள்: நம்பத்தக்க பட்டியலைத் தொகுக்கும் முறை

ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துப் பெயர் பெற்றவர்கள் என்று நம் கைக்குக் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியாகக் குறைபட்டிருக்கின்றன. பெயர் இருக்கும், அடைமொழி இருக்கும், சில வேளைகளில் வகித்த பதவியும் இருக்கும்; ஆனால் அவர் அங்கே எந்தத் துறையில் படித்தார், எந்த ஆண்டில் முடித்தார், பட்டம் பெற்றாரா இடையில் விலகினாரா, வெளியே வந்த பின் குறிப்பாக எதைச் செய்தார் என்ற கேள்விகளுக்கு விடை இருக்காது. பெருநகரத்துப் பழைய கல்லூரிகளுக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. அவற்றின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தின் தேவைக்காக எழுந்து, அந்த வட்டாரத்துக் குடும்பங்களின் முதல் பட்டதாரிகளை உருவாக்கிய பல்கலைக்கழகங்களுக்கோ இத்தகைய பட்டியல்தான் பல நேரங்களில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரே பதிவு. அதில் நுழைந்த பிழையை மறுத்து எழுத வேறு நூல் இல்லாததால், அந்தப் பிழையே வரலாறாக நிலைத்துவிடுகிறது.

அப்படி ஒரு பட்டியலைப் பிழையின்றித் தொகுக்கும் முறையைச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். பழைய மாணவர் சங்கத்தினரும், துறை வரலாறு எழுத முற்படும் ஆசிரியர்களும், விழா மலர் தயாரிப்பவர்களும் இதைத் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அடிப்படை விதி ஒன்றுதான்: பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு உள்ள தொடர்பு ஆவணத்தால் உறுதிப்பட வேண்டும், அவருடைய சாதனை, புகழ்மொழியாக இல்லாமல், நடந்த செயலாக எழுதப்பட வேண்டும்.

பெயர்களைத் திரட்டுவதற்கு முன்

தொகுக்கத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே பெயர்களை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, நிறுவனத்தின் கால வரிசையை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்வதாகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தாள் ஏறத்தாழ இப்படி அமையும். 1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் தனிக் கல்லூரிகள் பின்னர் சேர்ந்தன. இந்த நிறுவனங்களோடு 20 லட்சம் ரூபாயையும் அவர் வழங்க, 1929இல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பொறியியல் 1945இலும், வேளாண்மை 1955இலும், தொலைநிலைக் கல்வி 1979இலும், பல் மருத்துவக் கல்லூரி 1980இலும், மருத்துவக் கல்லூரி 1985இலும் வந்தன. 2013இல் தனிச் சட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகம் மாநில அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. மருத்துவக் கல்லூரி பிற்பாடு மாநில மருத்துவத் துறையின் கீழ்க் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது.

பின்னால் வரும் ஒவ்வொரு பெயரையும் சலித்துப் பார்க்கும் சல்லடை இந்தத் தாள்தான். 1950இல் அங்கே வேளாண்மைப் பட்டம் பெற்றதாக ஒருவரைப் பற்றி நினைவு மலரில் எழுதியிருந்தால், வேளாண்மைப் பிரிவே 1955இல்தான் தொடங்கியது என்பதால், ஆண்டோ பாடமோ தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். 1929க்கு முன் மீனாட்சி கல்லூரியில் படித்தவர் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அவரைச் சேர்க்கலாம், ஆனால் முன்னோடி நிறுவனத்தில் படித்தவர் என்று குறித்துத்தான் சேர்க்க வேண்டும்.

அண்ணாமலைக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போல் ஊர்தோறும் இணைப்புக் கல்லூரிகளைக் கொண்டதாக அது தொடங்கவில்லை. ஒரே வளாகத்தில் விடுதிகளோடு அமைந்த உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அது நெடுங்காலம் இயங்கியது. எனவே, பழைய காலத்துக்கு ‘அண்ணாமலையில் படித்தவர்’ என்றால் அண்ணாமலைநகரில் வாழ்ந்து படித்தவர் என்றே பெரும்பாலும் பொருள்படும். தொலைநிலைக் கல்வி வந்த பிறகு நிலைமை மாறியது. சிதம்பரத்தைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் பெற்றவர்கள் ஏராளம். இணைப்புக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகமாக இருந்தால் கல்லூரியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தனித்தனியே குறிப்பது கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு கல்லூரியின் பெருமை முழுவதும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறிவிடும்.

யார் பட்டதாரி

தொடர்புகளில் பல வகை உண்டு. முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர், படித்து இடையில் விலகியவர், அங்கே ஆசிரியராகப் பணியாற்றியவர், மதிப்புறு முனைவர் பட்டம் பெற்றவர் ஆகிய நால்வகையினரையும் ஒரே பட்டியலில் கலப்பதுதான் நான் கண்ட பிழைகளில் மிகப் பரவலானது.

ஆசிரியர்களைப் பட்டதாரிகளாக்கும் பிழைக்கு அண்ணாமலையில் இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. சுவாமி விபுலானந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்; பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அண்ணாமலையோடு அவர் பெயர் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது, ஆனால் அவர் பெற்ற பண்டிதர் தகுதி மதுரைத் தமிழ்ச் சங்கத்தினுடையது. அறிவியல் பட்டம் இலண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. எண் கோட்பாட்டில் வாரிங் சிக்கலைப் பற்றிய ஆய்வால் உலகக் கணித அறிஞர்களின் மதிப்பைப் பெற்ற சு. சி. பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1929 முதல் 1941 வரை அங்கே விரிவுரையாளராக இருந்தார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், அமெரிக்காவில் நடைபெறவிருந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அவருடைய சிறந்த ஆய்வுகளில் பல அண்ணாமலை ஆண்டுகளில் எழுதப்பட்டவை. பட்டங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையவை. இவ்விருவரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ‘பணியாற்றியோர்’ என்று தனிப் பகுதி வைத்து அங்கே நிறைவாக எழுதுங்கள் என்றே சொல்கிறேன்.

மதிப்புறு பட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு ஐயம் ஏதும் இல்லை: அது பட்டியலில் வரக் கூடாது. ஒருவரைப் பல்கலைக்கழகம் பாராட்டியது என்பதற்கு மட்டுமே அது சான்று.

படித்து இடையில் விலகியவர்களைப் பற்றித்தான் நின்று யோசிக்க வேண்டும். பிற்காலத்தில் புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஆர். உமாநாத், அண்ணாமலையில் மாணவராக இருந்தபோதே இயக்கப் பணிக்கு வந்தவர். படிப்பைத் துறந்து போராட்டத்துக்குப் போன அந்தத் தலைமுறையில் பட்டம் பெறாமை குறையாகக் கருதப்படவில்லை. பட்டம் என்ற அளவுகோலைக் கண்டிப்பாகப் பிடித்தால் இத்தகையோர் வெளியே நிற்பார்கள்; அளவுகோலை மறைத்துவிட்டுச் சேர்த்தால் பட்டியல் பொய் சொல்லும். ஆகவே ‘பயின்றவர்’ என்ற சொல்லையும் ‘பட்டம் பெற்றவர்’ என்ற சொல்லையும் முன்னுரையிலேயே வரையறுத்து, ஒவ்வொரு பதிவிலும் இரண்டில் ஒன்றைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

இதே காரணத்தால் அண்ணாமலையின் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத ஒரு பெயரும் உண்டு. 1965ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர் இராசேந்திரன் அவர். அவருக்கு அண்ணாமலைநகரில் சிலை இருக்கிறது. பட்டதாரிகள் என்ற சொல்லுக்குள் அவர் வரமாட்டார். ஆனாலும், அவரை நினைக்காமல் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களின் வரலாற்றை எழுதுவது முறையாகாது. பட்டியலின் முன்னுரையில் அவருக்கென ஒரு பத்தி ஒதுக்குவதே சரியான இடம் என்பது என் கருத்து.

பெயர்களில் உள்ள சிக்கல்

பல்கலைக்கழகப் பதிவேட்டில் தேடும்போது பலர் தோற்பது இந்த இடத்தில்தான். ‘நெடுஞ்செழியன்’ என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால், அவர் அங்கே படிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரா. நெடுஞ்செழியனின் இயற்பெயர் நாராயணசாமி. க. அன்பழகனின் இயற்பெயர் இராமையா. இருவரும் அண்ணாமலையில் தமிழ் முதுகலை படித்தவர்கள். அங்கேயே பொருளியல் முதுகலை படித்த கி. வீரமணியின் இயற்பெயர் சாரங்கபாணி. தூய தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட அந்தத் தலைமுறையினரைத் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். எந்த ஆண்டில் பெயர் மாறியது என்பது தெரிந்தால் அதையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். துறவறம் ஏற்றவர்களுக்கும் இது பொருந்தும்: ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயரில் தனிநாயகம் என்பதே இல்லை.

முன்னெழுத்துகள் தரும் தொல்லை வேறு வகையானது. ஒரே மனிதர் தமிழ்ப் பதிவில் ‘இரா.’ என்றும் ஆங்கிலப் பதிவில் ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்த்து இரண்டு முன்னெழுத்துகளோடும் வருவார். கவனியாதவர் அவரை இருவராக எண்ணிவிடுவார். எதிர்ப்பக்கமாக, ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் ஒரே பத்தாண்டில் வெவ்வேறு துறைகளில் படித்திருப்பார்கள். இருவரின் சாதனைகளும் ஒருவர் தலையில் ஏறும். பிறந்த ஆண்டு, சொந்த ஊர், துறை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகும் வரை இரண்டு பதிவுகளை ஒன்றாக்கக் கூடாது.

பெண்களைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலால் பெயரே காணாமல் போய்விடுகிறது. தந்தையின் முன்னெழுத்தோடு பட்டம் பெற்றவர் திருமணத்துக்குப் பின் கணவரின் முன்னெழுத்தோடோ பெயரோடோ அறியப்படுகிறார். கல்லூரி முதல்வராகவோ மருத்துவராகவோ பெயர் பெற்ற பின், பதிவேட்டில் உள்ள மாணவியும் இவரும் ஒருவரே என்று இணைத்துக் காட்ட யாரும் இருப்பதில்லை. பட்டதாரிகள் பட்டியல்களில் பெண்கள் அருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களோடு ஒரே விடுதியில் இருந்த தோழியரைக் கேட்பது இங்கே எந்த ஆவணத்தையும் விட விரைவில் பலன் தரும். கேட்டதை ஆவணத்தால் சரிபார்ப்பது அடுத்த வேலை.

பட்டங்களின் பெயர்களும் இடறச் செய்யும். வித்துவான், பி.ஓ.எல்., பி.ஏ. ஆனர்ஸ், எம்.லிட். போன்ற பழைய தகுதிகளை இன்றைய பட்டங்களாக மாற்றி எழுதாமல், அன்று வழங்கிய பெயரிலேயே எழுதுங்கள். ஆனர்ஸ் முடித்தவர் சில காலம் கழித்துத் தனித் தேர்வின்றி எம்.ஏ. பட்டம் பெற்றுக்கொள்ளும் வழக்கம் சென்னை மாகாணத்தில் இருந்ததால், ஒருவரை ஒரு நூல் பி.ஏ. ஆனர்ஸ் என்றும் மற்றொன்று எம்.ஏ. என்றும் குறிப்பிட்டால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். ‘அண்ணாமலையில் படித்தார்’ என்ற சொற்றொடர் பட்டப் படிப்புக்கு முந்தைய இரண்டாண்டு இண்டர்மீடியட் படிப்பை மட்டும் குறித்த சந்தர்ப்பங்களும் உண்டு.

எங்கே தேடுவது

முதல் தரச் சான்று பட்டமளிப்பு விழாவின் அச்சிட்ட நிகழ்ச்சிக் கையேடும் பல்கலைக்கழக ஆண்டுக் கையேடும் ஆகும். இவை பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும். ஆண்டுகள் விடுபட்டிருந்தால் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகளில் கிடைக்கும். வெள்ளிவிழா, பொன்விழா மலர்களும் துறைகள் வெளியிட்ட இதழ்களும் அடுத்த நிலையில் வரும். ஆய்வுப் பட்டம் பெற்றவர்களுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ தளத்தில் தலைப்பு, நெறியாளர், ஆண்டு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பழைய ஆய்வேடுகளில் விடுபட்டவை பல என்பதால், அங்கே இல்லாததை வைத்து ஆய்வே நடக்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மக்கள் பிரதிநிதிகளுக்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் விவரக் கையேடுகள் உதவும். அண்மைக் காலத்தில் தேர்தலில் நின்றவர்களுக்கு வேட்புமனுவோடு இணைக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் கல்வி நிறுவனத்தின் பெயரும் படிப்பை முடித்த ஆண்டும் இருக்கும். இவை இரண்டிலும் உள்ள செய்தி அவரவர் தாமே கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் மணிவிழா மலர்கள், நினைவு மலர்கள், தன்வரலாறுகள் உள்ளன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்தவர்களுக்கு ‘நூலகம்’ மின்னூலகமும் இத்தகைய மலர்களைத் தேடச் சிறந்த இடங்கள்.

பல்கலைக்கழகம் அரசுப் பொறுப்பில் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். ‘இன்னார் பட்டம் பெற்றாரா’ என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட, குறிப்பிட்ட ஆண்டின் பட்டமளிப்பு விழாக் கையேட்டின் நகல், துறை தொடங்கிய ஆண்டு, பொற்பதக்கம் பெற்றோர் பட்டியல் என்று பொது ஆவணங்களைக் கேட்டால் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

ஒரு செய்திக்கு எத்தனை சான்று போதும் என்ற கேள்வி எழும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சான்றுகள் வேண்டும் என்பது என் அளவுகோல். ஐந்து கட்டுரைகள் ஒரே சொற்றொடரை அப்படியே திருப்பிச் சொன்னால் அவை ஐந்தும் சேர்ந்து ஒரே சான்றுதான்.

பதிவை எழுதும் விதம்

ஒரு பெயரை எடுத்து எழுதிப் பார்த்தால் விளங்கும். இயற்கை வேளாண்மைக்குப் பாடுபட்ட கோ. நம்மாழ்வார் அண்ணாமலையில் வேளாண்மை இளநிலைப் பட்டம் பெற்றவர். அவரைப் பற்றி வழக்கமாகக் காணும் பதிவு, ‘உலகப் புகழ்பெற்ற இயற்கை வேளாண் விஞ்ஞானி’ என்ற ஒரு வரியோடு முடியும். அந்த வரியிலிருந்து, அவரை அறியாத மாணவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

‘கோ. நம்மாழ்வார் (1938–2013), தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர். வேளாண்மையில் இளநிலைப் பட்டம் பெற்றார். 1963இல் கோவில்பட்டியில் உள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். மானாவாரி விவசாயிகளுக்கு இரசாயன உரமும் வீரிய விதையும் பயன் தரவில்லை என்று கருதி 1969இல் பணியை விட்டார். பின்னர் களக்காடு பகுதியில் கிராம மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்டார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் வானகம் என்னும் பண்ணையை அமைத்து விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பரப்புரை செய்துவந்த நாட்களில் காலமானார்.’

இதில் ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. இருந்தும் முந்தைய வரியைவிட அவருடைய பெருமை இதில் கூடுதலாக விளங்குகிறது. எந்தப் படிப்பைப் பல்கலைக்கழகம் கொடுத்ததோ அந்தப் படிப்பையே ஆறாண்டு அரசுப் பணிக்குப் பின் அவர் கேள்விக்கு உட்படுத்தினார் என்பதும் தானாகத் தெரிகிறது. சாதனையை எழுதும்போது இத்தகைய தொடர்பை வெளிக்கொண்டு வருவதுதான் தொகுப்பாளரின் திறமை.

அந்தப் பதிவில் நான் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வேப்ப மரத்துக்கான காப்புரிமையை அவர் போராடி மீட்டார் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு வழங்கிய காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் இரத்து செய்தது உண்மை. அதற்கான எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்தவர்கள் வந்தனா சிவா, பெல்ஜியத்தைச் சேர்ந்த மக்தா ஆல்வூத், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர். பலர் சேர்ந்து செய்த வேலையை ஒருவர் பெயரில் எழுதினால், பட்டியலின் மற்ற வரிகளையும் படிப்பவர் நம்பமாட்டார். ‘பங்கேற்றார்’, ‘பரப்புரை செய்தார்’, ‘தலைமை ஏற்றார்’, ‘நிறுவினார்’ ஆகிய வினைகள் நான்கும் வெவ்வேறானவை. சான்று எதைச் சொல்கிறதோ அந்த வினையை மட்டுமே எழுதுங்கள்.

பதவியைச் சாதனையாக எழுதும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நெடுஞ்செழியன் பல முறை அமைச்சராக இருந்தார் என்பதைவிட, 1969இல் அண்ணா மறைந்தபோதும் 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்கால முதலமைச்சராகப் பொறுப்பேற்றார் என்பது படிப்பவருக்குப் பயன்படும் செய்தி. அன்பழகன் 1944 முதல் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்ததால்தான் கடைசி வரை ‘பேராசிரியர்’ என்று அழைக்கப்பட்டார். 1977 முதல் 2020இல் மறையும் வரை தி.மு.க.வின் பொதுச்செயலாளராக இருந்தார். இந்த இரண்டையும் எழுதினால், வகித்த துறைகளின் நீண்ட பட்டியல் தேவைப்படாது.

படித்த பாடத்துக்கும் பெற்ற புகழுக்கும் தொடர்பில்லாதவர்களையும் அப்படியே எழுதிவிடலாம். திரைப்பட இயக்குநர் கே. பாலசந்தர் 1949இல் அண்ணாமலையில் விலங்கியல் பட்டம் பெற்று, முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, பிறகு சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றியவாறே நாடகங்கள் எழுதினார். 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. விலங்கியல் துறைக்கும் அந்த விருதுக்கும் இல்லாத உறவைக் கற்பிக்க முயல வேண்டாம். மாறாக, தமிழறிஞர் அ. ச. ஞானசம்பந்தனின் வாழ்வில் பல்கலைக்கழகத்தின் பங்கு நேரடியானது: இயற்பியல் படிக்கச் சேர்ந்த அவரைத் தமிழ்த் துறைத் தலைவர் நாவலர் சோமசுந்தர பாரதியார் தமிழுக்கு இழுத்துக்கொண்டார். பின்னாளில் கம்பனைப் பற்றிய ஆய்வுக்காக 1985இல் அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஓர் ஆசிரியரின் சொல் ஒரு மாணவரின் வாழ்க்கைத் துறையையே மாற்றிய இத்தகைய செய்தி கிடைத்தால், இடம் போகிறது என்று பாராமல் விரிவாக எழுதுங்கள்.

தனிப் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புதிய செய்திகள் வெளிப்படும். நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உள்ள ஊர்காவற்றுறைப் பகுதியிலிருந்து வந்த தனிநாயகம் அடிகள் 1945இல் அண்ணாமலையில் சேர்ந்து தமிழில் எம்.ஏ., எம்.லிட். பட்டங்களைப் பெற்றார். நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த வ. ஐ. சுப்பிரமணியம் அதே காலத்தில் அங்கே தமிழ் ஆனர்ஸ் முடித்தார். 1964இல் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானபோது இவ்விருவரும் முன்னின்றார்கள்; அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இருவரையும் எழுத்து வரிசையில் பிரித்து வைத்தால் இந்த உறவு மறைந்துவிடும். அதனால்தான் பட்டியலை அகர வரிசையில் அடுக்குவதைவிட, படித்த பத்தாண்டுகளின் வரிசையில் அடுக்குவதை நான் விரும்புகிறேன். பெயர் தேடுவோருக்கு இறுதியில் அகர வரிசைச் சுட்டி ஒன்று இணைத்தால் போதும்.

அரசியலுக்கும் திரைக்கும் அப்பால்

இதுவரை நான் சொன்ன பெயர்களில் அரசியலும் தமிழும் மிகுந்திருப்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். 1940களின் அண்ணாமலைத் தமிழ்த் துறை அப்படிப்பட்டது என்பது ஒரு காரணம். இவர்களைப் பற்றிய அச்சுச் சான்றுகள் எளிதில் கிடைப்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்துக்கு இடம் கொடுத்தால் பட்டியல் ஒருதலையாகச் சாயும். பேராசிரியர் ஆர். வி. சேசய்யாவின் முயற்சியால் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்து வெளியேறியவர்கள் நாட்டின் கடல்சார் நிறுவனங்களிலும் மீன்வளத் துறைகளிலும் பணியாற்றுகிறார்கள். அவர்கள் பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை. ஆய்வேடுகளின் நன்றியுரைகளிலும் ஆய்விதழ்களிலும்தான் இருக்கின்றன. அணைக்கட்டும் பாலமும் கட்டிய பொறியாளர்கள், விதை இரகங்களை உருவாக்கிய வேளாண் ஆய்வாளர்கள், இசைக் கல்லூரியில் பயின்று ஊர்தோறும் இசை ஆசிரியர்களாகப் போனவர்கள் ஆகியோரின் நிலையும் இதுவே. ஒவ்வொரு துறைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் குறைந்த அளவு ஐந்து பதிவுகளையாவது சான்றோடு கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால் இந்தச் சாய்வு பெருமளவு குறையும்.

வாழ்பவர்களை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். பொது வாழ்வில் இருப்பவரின் பொதுச் செயல்களை எழுத அனுமதி தேவையில்லை. பொது வாழ்வில் இல்லாத ஒரு பொறியாளரையோ ஆசிரியரையோ எழுதுமுன் அவருக்கே பதிவை அனுப்பி இசைவு பெறுவது மரியாதை. வீட்டு முகவரி, தொலைபேசி எண், சாதி, குடும்ப விவரம் ஆகியவை எவருடைய பதிவிலும் வேண்டாம். ஒருவருடைய பட்டத்தைப் பற்றி ஐயம் எழுந்தால், ஐயத்தை அச்சிடாமல் அவர் பெயரை நிறுத்தி வையுங்கள். சான்று கிடைத்த பின் அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

வெளியிட்ட பிறகு

முதல் பதிப்பு வெளிவந்ததும் திருத்தங்கள் வரத் தொடங்கும். பட்டியலுக்கு அதனால் நன்மைதான். ஒவ்வொரு செய்தியும் எந்த மலரின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைத் தொகுப்பாளர்களின் பணிப் பிரதியில் வரிக்கு வரி எழுதி வைத்திருந்தால், ‘என் தாத்தா 1938இல் முடித்தார், நீங்கள் 1939 என்று போட்டிருக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதும்போது உடனே எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லலாம். குடும்பத்தினரிடம் பட்டச் சான்றிதழின் நகலைக் கேட்கத் தயங்க வேண்டாம், பெருமையோடு அனுப்புவார்கள். படித்து முடித்த ஆண்டும், அதைத் தொடர்ந்து பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டும் வேறுபடுவதால் எழும் ஓராண்டு முரண்பாடு மிகுதியாக வரும் என்பதால், இரண்டில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, பட்டமளிப்பு விழா முடிந்த மாதத்தில், பட்டியலைத் திறந்து மறைந்தவர்களின் ஆண்டுகளையும் புதிய விருதுகளையும் சேர்த்து, திருத்திய நாளை முதல் பக்கத்தில் குறிக்க வேண்டும். அச்சுப் பிரதி ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும், மின்பிரதி ஒன்றைப் பொது மின்னூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். சங்கத்தின் பொறுப்பாளர்கள் மாறும்போது கணினியோடு கோப்பும் மறைந்துபோவது பல ஊர்களில் நடக்கிறது.